ஊறுகாய்ப் புல்

எழுமலையில் என் அத்தை வீட்டுத் தொழுவத்தில் ஒரு வைக்கோல் கன்று இருந்தது. பட்டணத்து வாசகர்களுக்கு அது என்னவென்று சொல்லியாக வேண்டும். பால் கொடுக்கும் பசுவின் கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகி நிறுத்திவிடுவார்கள். கறக்கும் வேளையில் அதைத் தாயின் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். தாய் அதை முகர்ந்து பார்க்கும், நக்கிக் கொடுக்கும், பால் சுரக்கும். மனிதன் செய்த ஏமாற்று வேலைகளில் இதைவிடச் சோகமானது ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு வயதில் அதைப் பார்த்த நான் அன்று இரவு பால் சோறு வேண்டாம் என்று அழுததாக இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் கன்று எப்படிச் செத்தது என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறக்கிறது. அது ஐந்து மாதக் கிடேரி. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. படப்பில் பழைய சோளத்தட்டை மட்டுமே மிச்சம். காட்டில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்து வாடி நின்றது. பிறகு ஒரு தூற்றல் விழுந்தது. வாடிய பயிர் அடியிலிருந்து பச்சைப் பசேலென்று குருத்து விட்டது. பல நாள் பச்சையே காணாத கன்று தும்பை அறுத்துக்கொண்டு போய் அதை ஆசை தீரத் தின்றது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "பசிக்குத்தானே தின்னுச்சு, பாவி!" என்று அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். பாவி என்றது கன்றையா, மழையையா, தன்னைத்தானா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சென்ற தை மாதம் மறுபடியும் எழுமலைக்குப் போயிருந்தேன். மேற்கே மலைத்தொடர், கிழக்கே மானாவாரிக் காடு, நடுவே ஊர். பேரையூர்த் தாலுகாவின் இந்த மூலைக்கு உசிலம்பட்டியிலிருந்து தெற்கே வர வேண்டும். அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவள் பேரன் மூன்று கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறான். தொழுவத்தின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் நின்றது. அவன் அதன் மூடியைத் திறந்தான். உள்ளே பழுப்பும் பச்சையும் கலந்த துண்டுத் துண்டான சோளப் பயிர். குப்பென்று ஒரு மணம் எழுந்தது. பழைய சோற்று நீராகாரமும் கனிந்த பழமும் கலந்தாற்போன்ற இனிய புளிப்பு மணம்.

"என்னடா இது?"

"ஊறுகாய்ப் புல்லு மாமா. பயிர் பச்சையா இருக்கறப்பவே வெட்டி, காத்துப் புகாம அமுக்கி வச்சா, மழை இல்லாத மாசத்துக்கு ஆகும். மாட்டாஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க."

ஒரு கைப்பிடி அள்ளி ஆறு மாதக் கிடேரி ஒன்றுக்கு வைத்தான். அது தலை நிமிராமல் தின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இது ஒன்றும் ராக்கெட் வித்தை அல்லவே! குழி வெட்டத் தெரியும், புளிக்க வைக்கத் தெரியும், பயிரும் இருந்தது. அப்படியிருக்க, அந்த வைக்கோல் கன்றின் காலத்தில் இது ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை? இந்தக் கேள்வி என்னைப் பழைய சரித்திரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே கண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

பிரான்ஸ் தேசத்தின் நடுப்பகுதியில் ஸொலோஞ் என்று ஒரு பிரதேசம். மணலும் சதுப்புமான ஏழைப் பூமி. அங்கே பண்ணை வைத்திருந்த அகுஸ்த் கொஃபார் என்பவருக்கு நம் ஊர்க் குடியானவனுக்கு உள்ள அதே கவலைதான். அவருக்குப் பனிக்காலம், நமக்குக் கோடைக்காலம். மாட்டுக்குப் பச்சை இல்லாத மாதங்கள் இரண்டு இடத்திலும் உண்டு. அவர் 1850-களிலேயே சிறிய தொட்டிகளைக் கட்டி மக்காச்சோளப் பயிரைப் பச்சையாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். பல வருஷம் பூஞ்சணமும் அழுகலும்தான் மிச்சம். கடைசியில் இரண்டு ரகசியங்கள் பிடிபட்டன: பயிரைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும், மேலே பாரம் ஏற்றிக் காற்றை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். 1877-ஆம் வருஷம் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். இரண்டே வருஷத்தில், 1879-இல், அது நியூயார்க்கில் இங்கிலீஷில் வந்துவிட்டது. அமெரிக்கக் குடியானவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இல்லினாய்ஸ் மாகாணத்தில் பிரெட் ஹாட்ச் என்பவர் 1873-லேயே ஒரு குழித்தொட்டி கட்டியிருந்தார். பிறகு அந்த நாட்டுப் பண்ணைகளில் கோபுரம் கோபுரமாகத் தீவனத் தொட்டிகள் எழுந்தன.

1877 என்ற வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொஃபார் தம் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்த அந்த நாட்களில்தான் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்களை லட்சக்கணக்கில் எண்ணினார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதுமா போதாதா என்று சர் ரிச்சர்டு டெம்பிளும் சென்னை சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷும் வாதாடினார்கள். மனிதன் கதியே அப்படியென்றால் மாட்டின் கதியைக் கேட்க வேண்டாம். உழவு மாடும் கறவை மாடும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மழை வந்தபோது ஏர் பூட்ட மாடு இல்லாமல் தவித்த ஊர்கள் பல. அதே 1876-இல்தான் சைதாப்பேட்டையில் சர்க்கார் விவசாயப் பள்ளிக்கூடம் திறந்தது. விதி சில சமயம் தேதிகளை அருகருகே வைத்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தத் தீவனத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் 'சைலேஜ்.' 'சைலோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயின் தேசத்தில் சைலோ என்றால் தானியம் கொட்டி வைக்கும் நிலத்தடிக் குழி! அந்தக் குழி நமக்குப் புதிதா? கரிசல் காடுகளில் நம் பாட்டன்மார் சோளத்தைக் குழியில் கொட்டி, வைக்கோலைப் பரப்பி, மண்ணை மெழுகி மூடிவிடுவார்கள். புளிக்க வைப்பதுதான் புதிதா? இட்லி மாவைப் புளிக்க வைப்பவர்கள் நாம். சோற்றில் நீரூற்றி மறுநாள் காலையில் உப்புப் போட்டுக் குடிப்பவர்கள் நாம். அந்த நீராகாரத்தில் புளிப்பை உண்டாக்கும் அதே இனத்து நுண்ணுயிர்தான் பீப்பாயில் இருக்கும் சோளப் பயிரிலும் வேலை செய்கிறது.

அது செய்யும் வேலை இதுதான். காற்று இல்லாத இடத்தில் அந்த நுண்ணுயிர்கள் பயிரிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. தயிரைப் புளிக்க வைப்பதும் அந்த அமிலம்தான். புளிப்பு ஓர் அளவை எட்டியதும் அழுகச் செய்யும் கிருமிகள் எதுவும் அங்கே வாழ முடியாது. மாங்காய் ஊறுகாய் கெடாமல் இருப்பதும் ஏறக்குறைய இதே நியாயத்தால்தான். 'ஊறுகாய்ப் புல்' என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசிகராக இருந்திருக்க வேண்டும். இந்தப் புளிப்பை நன்றாக ஆராய்ந்து, தீவனத்தைக் கெடாமல் காக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்ததற்காகவே பின்லாந்துக்காரரான விர்ட்டானனுக்கு 1945-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசு! நம்மில் பலர் மாட்டுத் தொழுவத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுகிறோம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பஞ்சத்துக்குப் பிறகு தீவனத்தைப் பற்றிய விசாரம் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு நிறையவே இருந்தது. 1889-இல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற விவசாய ரசாயன நிபுணரை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். அவர் தேசம் முழுவதும் சுற்றினார். 1893-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. மாட்டுத் தீவனக் குறைவைப் பற்றி அதில் விரிவாக எழுதினார். அந்த மனிதரிடம் ஒரு நேர்மை இருந்தது. இந்தியக் குடியானவனுக்கு விவசாயம் தெரியாது என்ற பேச்சை அவர் ஒப்புக்கொள்ளவில்லை; அவனுக்கு வசதிதான் இல்லை, அறிவு இல்லாமல் இல்லை என்று எடுத்துச் சொன்னார். பிறகு 1926-இல் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் ராயல் விவசாயக் கமிஷன் வந்தது. 1928-இல் வெளிவந்த அதன் அறிக்கை, மாடுகளைச் சரியாக வளர்க்க முடியாத இடத்தில்தான் மாடுகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது என்ற விஷச் சக்கரத்தைச் சுட்டிக் காட்டியது. தீவனப் பயிரைப் பற்றியும், அதைக் குழியில் சேமிப்பதைப் பற்றியும் பேசியது. சர்க்கார்ப் பண்ணைகளில் குழிகள் வெட்டினார்கள். கிராமத்துக் குடியானவன் மட்டும் அசையவில்லை.

அவன் ஏன் அசையவில்லை? நான் இதை அத்தையிடமே கேட்டேன். தொழுவத்துத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"எப்ப அறுத்துப் புதைக்கணும்ங்கிறே மருமகனே?"

"பூத்து, கதிர் பால் பிடிக்கும்போது, அத்தை. அப்போதுதான் சத்து இருக்குமாம்."

"பால் புடிக்கிற கதிர அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டா, பிள்ளைகளுக்கு என்னத்தப் போடுறது? இருங்குச் சோளந்தானய்யா அன்னைக்கு நமக்குச் சோறு!"

அவ்வளவுதான். கமிஷன்களின் பக்கங்களில் நான் தேடிக்கொண்டிருந்த பதில் வெற்றிலை உரலின் பக்கத்தில் இருந்தது. கொஃபாரின் பண்ணையில் மக்காச்சோளம் மாட்டுக்கென்றே விளைந்தது. எழுமலையில் சோளம் மனிதனுக்கென்று விளைந்தது. மனிதன் தின்றதுபோக நின்ற தட்டைதான் மாட்டுக்கு. ஊறுகாய்ப் புல் வேண்டுமென்றால் கதிர் முற்றுவதற்குமுன் பயிரை அறுக்க வேண்டும். அதாவது வீட்டுப் பிள்ளையின் கலயத்திலிருந்து எடுத்துத் தொழுவத்துக் கன்றின் தொட்டியில் போட வேண்டும். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு மதுரைச் சமவெளிக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. அந்தத் தண்ணீர் எங்கள் மானாவாரிக் காட்டை எட்டவில்லை. வானத்தைப் பார்த்து விதைக்கிறவனிடம் போய்க் கதிரைப் பாலில் அறு என்று சொன்னால் அவன் கேட்பானா?

அவன் கையில் வேறொரு சேமிப்பும் இருந்தது. அதுதான் படப்பு. முற்றி உலர்ந்த தட்டையையும் வைக்கோலையும் மழைத் தண்ணீர் வழிந்தோடும்படி அழகாக அடுக்கி வைத்தால் ஒரு வருஷம் தாண்டியும் கெடாது. நறுக்க வேண்டாம், மிதிக்க வேண்டாம், ஒரே நாளில் குழியை நிரப்பி மூடப் பத்து ஆள் தேட வேண்டாம். வளர்ந்த காளைக்கு அது போதும். அதைத் தின்றுவிட்டு உழுதுவிடும். ஆனால் கன்றுக்கு அது போதாது. உலர்ந்த தட்டையில் தசையை வளர்க்கும் சத்து மிகக் குறைவு. வளரும் உடம்பு அதை மென்று மென்று வயிறு பருத்து, முதுகெலும்பு தெரிய நிற்கும். மூன்று வயதாகியும் சினைக்கு வராத கிடேரிகளை எங்கள் ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சுருங்கச் சொன்னால், படப்பு மாட்டைக் காப்பாற்றியது. அதற்குரிய விலையைக் கன்று கொடுத்தது.

அந்த விலையில் ஒரு பங்குதான் நான் எட்டு வயதில் பார்த்த மரணம். சோளப் பயிரில் தூரின் என்ற ஒரு பொருள் இருப்பதை டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு இங்கிலீஷ் ரசாயனிகள் 1902-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இளம் பயிரிலும், வறட்சியில் வாடித் திரும்பத் துளிர்க்கும் குருத்திலும் அது அதிகம். மாட்டின் வயிற்றுக்குள் போனதும் அதிலிருந்து சயனைடு விஷம் பிரிகிறது. அதே பயிரைப் பூத்த பிறகு அறுத்துக் குழியிலிட்டுச் சில வாரம் புளிக்க வைத்தால் விஷத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. எங்கள் கிடேரியைக் கொன்றதும் சோளம்தான். பேரன் வீட்டுக் கிடேரி தின்பதும் சோளம்தான். நடுவில் இருப்பது கொஞ்சம் பொறுமையும், காற்றுப் புகாத ஒரு மூடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் பசு மாடு வைத்திருக்கும் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஊறுகாய்ப் புல் பாலுக்கு மாற்று அல்ல. பிறந்த கன்றுக்கு வயிறு நான்கு அறை என்றாலும் முதலில் வேலை செய்வது பாலைச் செரிக்கும் ஓர் அறைதான். குடிக்கும் பால் மற்ற அறைகளில் தங்காமல் ஒரு வாய்க்கால் வழியே நேரே அங்கே போய்ச் சேரும்படி இயற்கை அமைத்திருக்கிறது. புல்லை நொதிக்க வைக்கும் பெரிய அறை, கன்று தானியத்தையும் தழையையும் கொறிக்கக் கொறிக்கத்தான் மெல்ல வளருகிறது. ஆகவே முதல் நாள் சீம்பால், பிறகு பால், இரண்டாம் வாரத்திலிருந்து கொஞ்சம் தானியக் கலவையும் நல்ல உலர்ந்த புல்லும். மூன்று மாதம் கடந்த பிறகே ஊறுகாய்ப் புல்லை ஒரு கைப்பிடியாக ஆரம்பிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு மூன்று நான்கு கிலோ என்று ஏற்றிக்கொண்டு போகலாம். அப்போதும் அதோடு உலர் தீவனமும் கொஞ்சம் புண்ணாக்கும் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததையும், அழுகல் நாற்றம் அடிப்பதையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். கெட்டுப்போன தீவனத்தால் வரும் ஒரு நோயில் மாடு தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றியே செத்துப்போகும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்தச் சுத்தம்தான் இங்கேயும்.

கணக்கும் பெரிதல்ல. ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமான, அதாவது ஒரு மீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியில் நன்றாக மிதித்து அடைத்தால் சுமார் 500 கிலோ கொள்ளும். நாளுக்கு நான்கு கிலோ வீதம் ஒரு கிடேரிக்கு நான்கு மாதம். நம் கோடையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குழி மூடி 45 நாள் கழித்துத் திறக்கலாம். ஒரே ஒரு கன்று வைத்திருப்பவனுக்குப் பீப்பாயும் கெட்டியான பிளாஸ்டிக் பையுமே போதும். ஏனென்றால் திறந்த பிறகு காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் பெரிய குழி கெட்டுவிடும்.

அன்று வராதது இன்று எப்படி வந்தது? அறிவு திடீரென்று வளர்ந்துவிடவில்லை. சோறு மாறிவிட்டது. ரேஷன் அரிசி வந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. சோளக் கஞ்சியைப் பட்டணத்தில் டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள்; எழுமலையில் அது வீட்டின் அன்றாடச் சோறாக இல்லை. சோளம் மனிதனின் கலயத்திலிருந்து விடுதலை பெற்ற பிறகுதான் கன்றின் தொட்டிக்குப் போக முடிந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.எஃப்.எஸ். 29 என்று தீவனத்துக்காகவே மறுதாம்பு விடும் சோளத்தைக் கொடுத்திருக்கிறது. மக்காச்சோளத்தை வெட்டிப் புளிக்க வைத்து மூட்டை மூட்டையாகக் கட்டி விற்கவும் செய்கிறார்கள்.

இதில் நாம் பெருமைப்பட மட்டும் இல்லை. பால் பணமாகிவிட்ட பிறகு கன்றின் பங்கு மடியிலிருந்து கேனுக்குப் போய்விட்டது. காலையில் சொஸைட்டிக்குக் கேன் கிளம்பும் அவசரத்தில் கன்றை இரண்டு வாய் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுகிறோம். நாமும் அந்தப் பாலில் காப்பி குடிக்கிறவர்கள்தாம். ஊறுகாய்ப் புல் இந்தக் கடனைத் தீர்த்துவிடாது. கன்றுக்கு உரிய பாலை உரிய மாதங்களில் கொடுத்துவிட்டு, பால் மறந்த பிறகு கோடையிலும் அது வளரும்படி செய்வதற்குத்தான் இந்த வித்தை. பாலைப் பிடுங்கிக்கொள்ளுவதற்கு இதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டால், நாம் செய்வது இன்னொரு வைக்கோல் கன்றுதான்.

நான் புறப்படும் அன்று காலை, பின்கட்டில் பேரன் சோளம் நறுக்கிக்கொண்டிருந்தான். பயிரில் பாதிக்கு மேல் பால் பிடித்த கதிர்கள். அத்தை தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தாள். கத்திக்குப் போகவிருந்த கட்டிலிருந்து நாலைந்து கதிர்களை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு அப்பத்தா? வீட்டுல அரிசி மூட்டை கிடக்கு!" என்று பேரன் சிரித்தான்.

"கிடக்கட்டும்டா" என்றாள் அத்தை.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பழக்கத்துக்கு வயது நூறு வருஷத்துக்கு மேல். தொழுவத்தைக் கடக்கும்போது அவள் சற்று நின்று, மடியிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கிடேரியின் வாயில் கொடுத்தாள். மற்றதை மடியிலேயே முடிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.